மூன்றாவது பாஸ்போர்ட்

1938ஆம் வருஷம் மார்ச் மாதம் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, போலீஸ் ஏட்டு ஒருவர் சேந்தமங்கலத்திலிருந்து முந்தின நாளே கொல்லிமலை ஏறி, மலையின் ஊர்த் தொகுதிகளில் ஒன்றான வாழவந்தி நாட்டில் இருந்த அப்பாசாமியின் பங்களாவுக்கு வந்து சேர்ந்தார். மூன்று பாஸ்போர்ட் மனுக்களைப் பற்றி விசாரித்து எழுதும் வேலை அவருக்குத் தரப்பட்டிருந்தது.

பாப்பாயி அப்போது பின்கட்டுப் படியில் உட்கார்ந்து குழந்தைக்கு ராகிக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வயதுப் பையன். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு காக்காயோ ஒரு அணிலோ காட்ட வேண்டும். குமாஸ்தா அர்த்தனாரி ஏட்டை அழைத்து வந்து தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, மோர் கொண்டுவரச் சொன்னார். ஏட்டு பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கால் விரல்களை அழுத்திவிட்டுக்கொண்டார். மலை ஏறிப் பழக்கமில்லாத கால்கள்.

"முதலாளிக்கு ஒரு வில்லங்கமும் இல்லீங்க. அம்மாளுக்கும் இல்லை. சேலத்துலயும் விசாரிச்சாச்சு, நல்ல விதமாத்தான் எழுதியிருக்கேன்," என்றார் ஏட்டு. "அந்த மூணாவது ஆளோட மனுவை மட்டும் நீங்களே திருப்பி வாங்கிக்கங்க."

"ஏனுங்க?"

"ஆளுதான் செத்துப்போச்சே. உங்களுக்குத் தாக்கல், சேதி ஒண்ணும் வரலீங்களா?"

பாப்பாயியின் கை கிண்ணத்துக்கும் குழந்தையின் வாய்க்கும் நடுவில் நின்றது. பாஸ்போர்ட் பேச்சில் மூன்றாவது ஆள் என்றால் தான்தான் என்று அவளுக்குத் தெரியும். முதலாளி ஒன்று, குழந்தையைச் சேர்த்து அம்மா ஒன்று, அவள் ஒன்று. ஆனால் அந்த நிமிஷம் அவள் மனசு, பாப்பாயி என்ற பேரில் ஊரில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று தேடப் போனது. கிணற்று மேட்டுப் பாப்பாயிக்குப் போன மழைக்காலத்திலிருந்தே காய்ச்சல் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. ஐயோ பாவம், அவளாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

அர்த்தனாரி சிரித்தார். "பாப்பாயியா செத்துப்போச்சு? அந்தா படியில உக்காந்து கூழு ஊட்டுது பாருங்க. செத்தவ கையில எந்தப் புள்ளையும் கூழு குடிக்காதுங்க."

ஏட்டு திரும்பிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, வெறுங்காலோடு இரண்டு எட்டு முன்னால் வந்து நின்றார்.

"உம் புருசன் பேரு என்ன?"

பாப்பாயி குனிந்துகொண்டாள். புருஷன் பேரை அவள் சொல்லமாட்டாள் என்று அர்த்தனாரிக்குத் தெரியும். அவர்தான் சொன்னார்: "நல்லமுத்து. அரியூர் நாடு."

"அந்த நல்லமுத்துவை நேத்துப் பாத்துட்டுத்தான் வாரேன். தலை மொட்டை. 'உம் பொண்டாட்டி பாப்பாயி எங்க?'ன்னு கேட்டேன். 'செத்துப்போயிட்டாளுங்க, மாசி மாசம் கருமாதி பண்ணிப்போட்டோம்'னான். ஊர்க்கவுண்டரைக் கேட்டேன், அவரும் அதே வாக்கு. பங்காளிங்க நாலு பேரக் கேட்டேன், ஒருத்தர் மாத்திச் சொல்லல. பொய் சொல்றவன் மொகம் எனக்குத் தெரியாதா? இருபது வருசமா அதத்தான பாத்துட்டு இருக்கேன். அவங்க பொய் சொல்லல."

குழந்தை வாயைத் திறந்து காத்திருந்தது. பிறகு பாப்பாயியின் கன்னத்தில் தட்டியது. அவள் அடுத்த வாயை ஊட்டினாள். காக்காய் காட்ட மறந்துவிட்டாள்.

*

இந்தப் பயணப் பேச்சு போன வருஷம் ஆரஞ்சு அறுப்பின்போது தொடங்கியது. அப்பாசாமிக்குச் சேலத்தில் நூல் வியாபாரம், மலையில் காப்பியும் ஆரஞ்சும். ஐரோப்பாவைப் பார்த்துவிட்டு வந்த ஒருவரோடு அவர் மதராஸில் ஒரு நாள் விருந்து சாப்பிட்டார். அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பு இல்லை. பம்பாயில் கப்பல், முதல் வகுப்பு. ஜெனோவாவில் இறங்கி இத்தாலி, பிறகு சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், கடைசியில் லண்டன். அறைக்கு அறை வெந்நீர்க் குழாய் உள்ள ஹோட்டல்களாக ஏஜெண்டு பார்த்துக் கொடுத்தார். மனைவி பொன்னம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பாப்பாயி வந்தால் வருவேன், இல்லாவிட்டால் நீங்கள் மட்டும் போய் வாருங்கள். அவளுக்குப் பால் இல்லாமல் போனபோது, அப்போதுதான் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்திருந்த பாப்பாயிதான் இந்தப் பையனுக்குப் பால் கொடுத்தாள். இன்றைக்கும் அவள் பக்கத்தில் படுத்தால்தான் அவன் தூங்குவான்.

அப்படித்தான் பாப்பாயிக்கும் ஒரு பாஸ்போர்ட் தேவைப்பட்டது. சேலத்திலிருந்து போட்டோ பிடிக்கிறவர் டோலியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்து, துணி காயப்போடும் கொடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி அவளை அதன் முன்னால் நிறுத்தினார். மலையில் பெண்கள் ரவிக்கை போடுவதில்லை. பொன்னம்மாள் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்துப் போடச் சொன்னாள். அதன் கை இறுக்கியது. போட்டோவில் பாப்பாயி யாரோ தோளைப் பிடித்து நிறுத்தி வைத்தவள் மாதிரி இருந்தாள். பிறந்த தேதியை அர்த்தனாரியே ஒன்று போட்டுக்கொண்டார்.

விசா என்றால் என்ன என்று அவள் கேட்டபோது அவர் பொறுமையாகச் சொன்னார். "ஒவ்வொரு தேசத்துக்காரனும் தனித்தனியா 'வா'ன்னு சொல்லோணும். சொல்லி முத்திரை குத்துவான். இத்தாலிக்காரன் குத்தறது அவன் எல்லையோட சரி. அடுத்த எல்லையில அடுத்தவன்கிட்ட அனுமதி இருக்கோணும்." அவளுக்கு அது விநோதமாகப் படவில்லை. மலையிலேயே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பெண் கேட்கப் போகிறவர்கள் முதலில் அங்கிருக்கும் ஊர்க்கவுண்டர் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். வெள்ளைக்காரர்களும் அந்த மரியாதை தெரிந்தவர்கள்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கல்யாணமான பெண் என்பதால் புருஷன் சம்மதம் வேண்டியிருந்தது. தை மாதக் கடைசியில் அர்த்தனாரி தனியாக அரியூர் நாட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. "உங்க ஊரு மாதிரி பெருந்தன்மையான ஊர நான் பாத்ததில்லை பாப்பாயி. பெரியவங்க எல்லாம் உக்காந்து வெகு நேரம் பேசினாங்க. அப்பறம் உம் புருசன் கைநாட்டு வெச்சுட்டாரு. ஒரு பேச்சு எதிர்ப்பேச்சு இல்லை."

அவளுக்குப் பெருமையாக இருந்தது. ஐப்பசியில் திரும்பிவிடலாம் என்று அம்மா சொல்லியிருந்தாள். மகள் சென்னம்மாளைச் சேளூர் நாட்டில் கொடுப்பதாகப் பேச்சு முடிந்திருந்தது. திரும்பி வந்து அடுத்த தையில் கல்யாணம். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் தன்னிடம் கடலைப் பற்றிக் கேட்பார்கள் என்று அவள் நினைத்துப் பார்த்ததுண்டு. அதற்குப் பிறகு குழந்தைக்குக் கக்குவான் இருமல் வந்து, மாசி முழுக்க அவளால் ஊருக்குப் போக முடியவில்லை. ஊரிலிருந்தும் ஒருவரும் வரவில்லை. சாமை அறுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

*

மறுநாள் விடிந்ததும் அர்த்தனாரியும் அவளும் அரியூர் நாட்டுக்குப் புறப்பட்டார்கள். ஏட்டு பங்களாவில் தங்கிக்கொண்டார். "நான் கண்ணால பாத்துட்டேன், வாஸ்தவம். ஆனா ஊரே செத்துட்டான்னு சொல்றப்ப உசுரோட இருக்கான்னு நான் எழுதினா, நாளைக்கு ஆள் மாறாட்டம்னு எம் வேலைதான் போகும். ஊர்க்கவுண்டர் ஆள அடையாளம் சொல்லட்டும், எழுதிப்போடறேன்," என்று சொல்லியிருந்தார்.

மிளகுக் கொடி ஏறிய மரங்களைத் தாண்டிப் பள்ளத்து வயல்கள் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் பாப்பாயி கேட்டாள்.

"நீங்க போயிருந்தப்ப என்னத்தக் கேட்டாங்க சாமி?"

அர்த்தனாரி நடந்துகொண்டே யோசித்தார். "எத்தன மாசம்னு கேட்டாங்க. கடலு எவ்வளவு அகலம்னு கேட்டாங்க. அப்பறம், கப்பல்ல போறப்ப ஒரு ஆளு செத்துப்போனா என்ன பண்ணுவாங்கன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உள்ளதத்தான் சொன்னேன். துணியில சுத்திக் கடல்ல இறக்கிருவாங்கன்னு." கொஞ்ச தூரம் போய், "தாக்கல் வருமான்னும் கேட்டாங்க," என்றார். "வந்தாலும் வரும், வராமயும் போகும்னேன்."

பாப்பாயி நின்றுவிட்டாள். அவளுக்கு அப்போது புரிந்துபோயிற்று. அந்த வீட்டுக்கு அவள் மருமகளாகப் போன முதல் நாளே அவளுக்குச் சொல்லப்பட்ட கதை, புருஷனின் சித்தப்பா செல்லமுத்துவின் கதைதான். கங்காணி ஒருவனோடு பினாங்குக்குப் போனவர். போனார், அவ்வளவுதான். இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஆள் இல்லை. செத்தார் என்று கருமாதி செய்யவும் முடியவில்லை, இருக்கிறார் என்று சந்தோஷப்படவும் முடியவில்லை. பன்னிரண்டு வருஷம் காத்திருந்துதான் செய்ய வேண்டும் என்றார்கள். அத்தனை வருஷமும் அந்த வீட்டு வாசலில் பந்தல் போடவில்லை, ஒரு பெண்ணை எடுக்கவில்லை, கொடுக்கவில்லை. அது முடிந்த பிறகு நடந்த முதல் கல்யாணம் நல்லமுத்துவுக்கும் அவளுக்கும் நடந்ததுதான். நலுங்கு வைத்தபோது அந்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் அழுதார்கள். சந்தோஷத்தில் அழுகிறார்கள் என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

ஊருக்கு வெளியில் முதலில் பார்த்தவள் பாப்பாத்தி. பங்காளி வீட்டுக்காரி, பாப்பாயியின் வயது. தலையிலிருந்த விறகுக் கட்டைக் கீழே போட்டுவிட்டு நின்றாள். ஓடவில்லை, கூச்சல் போடவில்லை. கோபமாகச் சொன்னாள்:

"உனக்காக மாரடிச்சு அழுதேன்டி. தொண்ட கட்டிப்போச்சு. இன்னும் சரியாகல, பாரு."

அவள் குரல் கம்மித்தான் இருந்தது.

"நல்லா அழுதியா?" என்றாள் பாப்பாயி. தான் அதைத்தான் கேட்டோம் என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"மொதல்ல சும்மாதான் அழுதேன், ஊருக்காக. அப்பறம் உன்ற பழைய சேலையக் கொண்டாந்து வைக்கோல் பொம்மைக்குச் சுத்துனாங்க. அந்த மஞ்சக் கரைச் சேலை. அதப் பாத்ததும் நெசமாவே அழுக வந்துருச்சு." பாப்பாத்தி விறகுக் கட்டைத் தூக்கிவிடச் சொல்லவில்லை. தானே குனிந்து தூக்கிக்கொண்டு, அவள் மேல் படாமல் ஒதுங்கிப் போனாள். போகிற போக்கில், "இளச்சுப் போயிட்டே," என்றாள்.

வீட்டு வாசலில் நல்லமுத்து கொடுவாளுக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். மொட்டைத் தலையில் மயிர் குத்துக்குத்தாக முளைத்திருந்தது. அவளைக் கண்டதும் எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு குமாஸ்தாவிடம் சொன்னான்: "கூட்டிட்டுப் போயிருங்க சாமி."

"ஏனுங்க," என்றாள் பாப்பாயி. "எம் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

"பாத்தா உள்ள வான்னு சொல்லிப்போடுவேன்," என்றான் அவன், சுவரைப் பார்த்தபடி.

ஒரு ஆள் போய் ஊர்க்கவுண்டர் சென்றாயனை அழைத்து வந்தான். வயதானவர், நிதானமான பேச்சு. அவர் அவளுக்கு முன்னால், ஆனால் பத்தடி தள்ளி, தரையில் உட்கார்ந்தார். பாப்பாயி நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"உனக்கு ஒரு கெடுதலும் பண்ணல கண்ணு," என்றார் அவர். "நீ போகோணும்னு ஆசப்பட்டே. நம்மூர்ல இருந்து இதுக்கு முன்னால ஒரு பொம்பள கடலத் தாண்டுனது இல்ல. எப்படி அனுப்பறதுன்னு எங்களுக்கு வழி தெரியல. சேளூர்க்காரங்க வேற வந்துட்டாங்க. பொண்ணோட ஆத்தா கடலுக்குப் போறாளாமே, அவ வரலைன்னா நாங்க பன்னெண்டு வருசம் காத்துக் கெடக்கோணுமா, பொண்ணு வேண்டாம்னாங்க. அப்பறந்தான் யோசிச்சோம். செய்ய வேண்டியத முன்னாலயே செஞ்சுபோட்டா, நீயும் நிம்மதியாப் போவே, இங்கயும் ஒண்ணும் நிக்காது. மூணு அமாவாச கழிச்சுப் பந்தல் போடலாம்னு முடிவாச்சு. வைகாசியில கல்யாணம்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"உன்கிட்டச் சொல்லிப்போட்டு எப்படிச் செய்யறது?" அவர் உண்மையாகவே கேட்டார்.

அர்த்தனாரி சட்டம் என்று ஏதோ ஆரம்பித்தார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

"நான் போகலீங்க," என்றாள் பாப்பாயி. "கடலுக்கும் போகல, கப்பலுக்கும் போகல. இன்னைக்கே அம்மாகிட்டச் சொல்லிப்போட்டு வந்தர்றேன். எல்லாம் முன்ன மாதிரி இருக்கட்டும்."

"நீ போகாம நிக்கலாம் கண்ணு. செஞ்சது இல்லைன்னு ஆகுமா?" சென்றாயன் தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து ஒடித்தார். "உன்ன மறுபடி எடுக்கறதுக்கும் வழி இருக்குது. கோயில்ல வாக்குக் கேக்கோணும். பொறந்த கொழந்தைக்குப் பண்ற மாதிரி பேரு வெச்சு, இவனுக்கே திரும்பவும் கட்டிக் கொடுக்கோணும். ஆனா அதுக்கு ஒரு வருசம் ஆகும். அது வரைக்கும் இந்த ஊட்ல நல்லது கெட்டது எதுவும் கெடயாது. சேளூர்க்காரங்க நிக்கமாட்டாங்க. செத்துப் பொழச்சவ ஊடுன்னு அடுத்தவங்களும் வரமாட்டாங்க."

வாசல் இருட்டில் சென்னம்மாள் நிற்பதைப் பாப்பாயி அப்போதுதான் பார்த்தாள். இரண்டு மாதத்தில் வளர்ந்துவிட்டிருந்தாள். ஒரு செம்பு தண்ணீரை எடுத்து வந்து முற்றத்தின் நடுவில் வைத்துவிட்டு, திரும்ப வாசலுக்கே போய் நின்றுகொண்டாள். வெளியூர் ஆட்களுக்கு அப்படித்தான் தண்ணீர் வைப்பார்கள்.

"நீ என்ன கண்ணு சொல்றே?" என்றாள் பாப்பாயி.

சென்னம்மாள் நிலைப்படியின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள். அழுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் அழவில்லை.

"நீ போறதுன்னுதானேம்மா இருந்தே," என்றாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாப்பாயிக்கு ஏனோ அந்தச் சேலையின் நினைப்பு வந்தது. வீட்டுக்குள் பரண்மேல் மூங்கில் கூடையில் அதை மடித்து வைத்தது அவள்தான். அந்தக் கூடையை இறக்கியவர் யார், அடியில் இருந்த சேலையை எடுக்க மேலே இருந்தவற்றை யார் கலைத்தார்கள், திரும்ப அடுக்கி வைத்தார்களா என்றெல்லாம் தோன்றியது. உள்ளே போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். வாசல் பத்தடி தூரத்தில் இருந்தது. ஒருவரும் மறித்துக்கொண்டு நிற்கவில்லை. அவள் ஒரு எட்டு வைத்தால் யாரும் பிடித்து இழுத்திருக்கமாட்டார்கள். நல்லமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் பின்கழுத்து வியர்த்திருந்தது.

அவள் குனிந்து செம்பை எடுத்து, உதட்டில் படாமல் தூக்கித் தண்ணீர் குடித்தாள். மீதியைக் கீழே ஊற்றிவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"வைகாசின்னா மழ வந்துரும்," என்று சென்றாயனிடம் சொன்னாள். "பந்தலுக்குத் தடுக்கு போதாது. ஓலையும் சேத்துப் போடச் சொல்லுங்க."

சென்றாயன் தலையை ஆட்டினார்.

அர்த்தனாரி வந்த வேலையை அப்போதும் மறக்கவில்லை. மறக்கவும் முடியாது, ஏட்டு பங்களாவில் காத்திருந்தார். "ஏனுங்க கவுண்டரே, நீங்க வந்து இது இன்ன ஆளுன்னு ஒரு வார்த்த சொன்னாத்தான் பாஸ்போர்ட் வரும்," என்றார்.

"நல்லமுத்து பொண்டாட்டின்னு நான் சொல்லமாட்டேனுங்க. அது பொய்யாப் போயிரும்."

"பின்ன என்னன்னு சொல்லுவீங்க?"

ஊர்க்கவுண்டர் பாப்பாயியைப் பார்த்தார். முதல் தடவையாக நேராகப் பார்த்தார். "பங்களாவுல கொழந்தையப் பாத்துக்கற பொம்பள. பேரு பாப்பாயி. உசுரோட இருக்குது. நல்ல நடத்த. இதெல்லாம் நெசம். இத எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

சொன்னபடியே அன்று பகலே வாழவந்தி நாட்டுக்கு நடந்து வந்து ஏட்டிடம் சொன்னார். கேட்ட இடத்தில் கைநாட்டு வைத்தார். மனு புதிதாக எழுதப்பட்டது. புருஷன் பேர் கேட்டிருந்த இடத்தில் என்ன எழுதுவது என்று அர்த்தனாரி பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஏட்டுதான் சொன்னார். "புருசன் செத்தா விதவைன்னு எழுதலாம். இங்க அவன் இருக்கானே. ஒரு கோடு இழுத்து விட்டுருங்க."

பாப்பாயி அடுப்படியில் குழந்தைக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். பொன்னம்மாள் வந்து நின்று, "உனக்கு இஷ்டமில்லைன்னா வேண்டாம் பாப்பாயி, நான் இவரு கிட்டச் சொல்லிக்கறேன்," என்றாள்.

"போகாம வேற எங்கீங்கம்மா போறது?" என்றாள் பாப்பாயி. விறகைத் தள்ளிவிட்டு, தண்ணீரில் விரல் வைத்துச் சூடு பார்த்தாள்.

*

பாஸ்போர்ட் ஏப்ரல் நடுவில் வந்தது. அடுத்த சில வாரங்களில் அதில் இத்தாலி, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் ஆகிய நான்கு தேசத்து விசாக்களும் பதிவாயின. ஒன்றும் மறுக்கப்படவில்லை. மே இரண்டாம் வாரம் பம்பாயில் கப்பல் ஏறினார்கள்.

வைகாசி மாதம் அரியூர் நாட்டில் சென்னம்மாளுக்குக் கல்யாணம் நடந்தது. தாய் ஸ்தானத்தில் பாப்பாத்தி நின்றாள். மழை பெய்தது.

ஜெனோவாவில் கப்பலிலிருந்து இறங்கியவர்களை ஒரு நீளமான மேஜைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். பாப்பாயியின் முறை வந்தபோது தொப்பி போட்ட அதிகாரி அவள் முகத்தையும் போட்டோவையும் ஒரு தடவை பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. முத்திரையைக் குத்திவிட்டு, உள்ளே போகலாம் என்று கையைக் காட்டினார். அவள் குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போனாள்.